சாவி ஆட்டோவில் இருக்கிறது

“சாவிய ஆட்டோல வச்சிடுங்க” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் எங்கே வைப்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். என் அப்பா அவசரப்பட்டார்.

வெளிநாட்டில் நான் வேலை பார்க்கும் கிடங்கின் பின்படிக்கட்டில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

ஹலோ... ஆ, சொல்லுக்கா... கேக்குது, கேக்குது... பிரேக்தான், பேசலாம்... ஜெனரேட்டர் மாட்டியாச்சா?... அடி சக்க! எங்க வச்சாங்க?... கொல்லைப்பக்கமா... ஜன்னல்ல இருந்து தள்ளித்தானே? புகை உள்ள வந்துடப்போவுது... ஆமா... சிமென்ட் மேடை போட்டு... ஆமாக்கா, ஆமா, நல்லது...

எங்க, வீடியோல காட்டு... ஐயோ, என்னக்கா இது, பச்சை பீரோவப் படுக்கப் போட்ட மாதிரி!... அழகா இருக்குன்னுதான் சொல்றேன்... சத்தியமா...

முட்டை என்னாச்சு?... கீறல் விட்டுடுச்சா!... உள்ள இருந்து கொத்துதா... எனக்கும் கேக்கணும், ஃபோன இன்குபேட்டர்கிட்ட கொண்டு போ... ஷ்... டக்... டக்... அக்கா! யாரோ கதவத் தட்டுறாங்கக்கா!... சரி சரி, மூடியத் திறக்காத, சூடு போயிடும்...

ம்... நாளைக்குக் காலைலயே கரண்ட் கட்டா?... சாயங்காலம் வரைக்குமா... போகட்டுமே! இந்தத் தடவ நல்லாப் போகட்டும்! போன தடவ கரண்ட் போயி எல்லாம் வீணாப் போனப்ப மாதிரி நீ ஒவ்வொரு முட்டையா எடுத்துக் காதுல வச்சுப் பாத்துட்டு... இல்ல, இல்ல, ஞாபகப்படுத்தல... விடு, விடு... இப்பதான் நம்ம பீரோ இருக்கே, கரண்ட் போன உடனே தானா ஓடப்போவுது...

...ஏன் பம்முற?... ஓடாதா? புது மெஷினு ஏன் ஓடாது?... சாவி இல்லையா... எந்தச் சாவி?... பேனல்ல திருகுறதா... ம்... நடுவுல ஆஃப், அந்தப் பக்கம் ஆட்டோ... ஆமா, ஆட்டோ பக்கம் திருப்பி விட்டாத்தான் தானா ஓடும், அதுக்கென்ன... எலக்ட்ரீஷியன் போகும்போது அப்பாகிட்ட சொன்னாரா... “சாவிய ஆட்டோல வச்சிடுங்க”ன்னு... சரியாத்தானே சொல்லியிருக்காரு... அப்பா வச்சாரா... எங்க வச்சாரு?

...

அக்கா. அப்ப வாசல்ல ஆட்டோ ஏதாவது நின்னுச்சா?

...டீசல் கேன் ஏத்திட்டு வந்த ஆட்டோ... ஐயோ... அப்பா சாவிய உருவி... வாசல் வரைக்கும் நடந்து போயி... டிரைவர் முன்னாடி இருக்கிற பெட்டில... துணில சுத்தி வேற வச்சாரா! பத்திரமா!... ஐயோ அம்மா... நான் சிரிக்கலக்கா, டீ புரையேறிடுச்சு... நீயும் சிரிக்கிறியே!... நீ அழுறியா சிரிக்கிறியா, தெளிவா சொல்லு...

அப்பாகிட்ட குடு... அப்பா, நல்லாயிருக்கேம்ப்பா... சாப்ட்டேன், சாப்ட்டேன்... ஏம்ப்பா, ஜெனரேட்டர் சாவிய எதுக்குப்பா ஆட்டோல... ஆமா, அவரு சொன்னாரு... ஆமாப்பா, நீங்க அப்படியே செஞ்சீங்க... அவரு ஆட்டோல வந்து எடுத்துக்குவாருன்னா? அவரு பைக்லதானே வந்தாரு?... சரி, சரி, கோவப்படாதீங்க... நல்ல வேளைப்பா, “மெயின்ல வைங்க”ன்னு சொல்லல. மெயின் ரோட்டுல வச்சுட்டு வந்திருப்பீங்க... சரிப்பா... நான் வாயாடிதான்... அக்காகிட்ட குடுங்க...

இன்னொரு சாவி இருக்குமே... அதே வளையத்துலயா! ரெண்டையும் சேத்தா... எலக்ட்ரீஷியன் என்ன சொல்றாரு?... புதுசு கம்பெனில இருந்து வரணுமா... எப்ப?... அடுத்த வாரம்னா? முட்டைகிட்ட யாரு போயிச் சொல்றது, கொஞ்சம் பொறுத்துக்கன்னு... இல்லக்கா, விளையாடல... அழாத... அழாதன்னு சொல்றேன்ல...

யாரு ஆட்டோ அது?... ஹாரன் அண்ணனா! தெரு காலியா இருந்தாலும் அடிச்சுக்கிட்டே போவாரே, அவரா?... ஃபோன் பண்ணியா?... எப்படி எடுப்பாரு, அவரு அடிக்கிற ஹாரன்ல ரிங் எங்க கேக்கும்... ஸ்டாண்டுல சொல்லிவிட்டியா... அங்கயும் இல்லையா... ம்... ம்...

அக்கா, இரு. பேசாத... அப்பாவையும் பேச வேணாம்னு சொல்லு... அது என்ன சத்தம்?... என் பக்கம் இல்லக்கா, இங்க யாரு ஹாரன் அடிக்கிறா. இங்க ரோட்டுல ஆயிரம் வண்டி போனாலும் ஒரு சத்தம் வராது... உன் பக்கம்தான்... பாம்... பாம்... பாஆஆம்... அவரேதான்! ஓடு! அக்கா, ஓடு!... செருப்பு எதுக்கு இப்ப, ஓடு!

...பிடிச்சியா?... நின்னுட்டாரா!... குடு, குடு, ஸ்பீக்கர்ல போடு... அண்ணே! நான்தாண்ணே, தம்பி!... நல்லாயிருக்கேண்ணே... என்னது?... சவாரி வந்தவங்க மறந்துட்டாங்கன்னு நெனச்சு... ஏத்தினவங்க வீட்டுக்கெல்லாம் போயி... பூட்டுல போட்டு வேற பாத்தீங்களா! அண்ணே, ஒரு வீடாவது தெறந்துச்சா?... ஹஹ்ஹா... இல்லண்ணே, திருடன்னு யாரு சொல்வா உங்கள, திருடன் ஹாரன் அடிச்சுட்டா வருவான்... வரேண்ணே, வரேன், லீவு குடுத்தா வரேன்...

அக்கா, போடு... திருப்பு... ஆட்டோ பக்கம்... பச்சை லைட்டு எரியுதா?... எரியுது! அப்பாவ அந்தச் சாவியத் தொட வேணாம்னு சொல்லு... இனிமே யாரு என்ன சொன்னாலும்...

சோதிச்சுப் பாத்துடலாமா? மீட்டர் பக்கத்துல மெயின் சுவிட்ச் இருக்குல்ல, அத இறக்கு, கரண்ட் போன மாதிரி... பயப்படாத, கொஞ்ச நேரத்துல தானா ஓடும்... நான் லைன்லயே இருக்கேன். எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும்... அப்பா இறக்குறாரா?... அப்பா! சுவத்துல இருக்கிற மெயினுப்பா!... ம், இறக்குங்க...

ஹலோ?... அக்கா?... ஓடுதா?... ஹலோ... ஹலோ...

மெயினை இறக்கியதும் வீட்டு வைஃபையும் சேர்ந்து அணைந்துவிட்டது. நாங்கள் அதில்தான் பேசிக்கொண்டிருந்தோம். இது எனக்குத் தோன்றவே இல்லை. கிடங்கில் மணி அடித்தது. ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் காலை அங்கே கரண்ட் போனது. முட்டைகள் பொரிந்தன. அக்கா அனுப்பிய வீடியோவில் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஜெனரேட்டர் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை.