குப்பைமேனியில் குற்றமில்லை

குப்பைமேனி நல்ல இலை, ஹாஜியார். பள்ளிவாசல் விசாரணைப் புத்தகத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இறக்காமத்து வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைக்கிறது. சாறு பிழிந்து தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பூசினால் சொறி அடங்கும், தோல் மினுங்கும். ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். என்னிடம் பூச்சு வாங்க வருகிற கலியாண வீட்டாருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அதனால் ஒரு வெள்ளைக் கிரீமைச் சேர்த்தேன். கொழும்பிலிருந்து வாளியில் வரும். வாளியில் ஓர் எழுத்தும் இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மணமும் பச்சை நிறமும் இலையுடையவை, வெளுப்பு கிரீமுடையது. போத்தலில் இலையின் படத்தை மட்டும் ஒட்டினேன். என் முகத்தை நீங்களே பார்க்கிறீர்கள், பலாப்பழத் தோல். இந்த முகத்தைக் கண்ட பிறகும் என்னிடம் முகப்பூச்சு வாங்கியவர்களை ஏமாற்றுவது பெரிய கெட்டித்தனமில்லை.

நுஸ்ஹா என் மனைவி ஸில்மியாவுடைய கூடப்பிறந்த ராத்தாவின் மகள். ஒரே வளவில்தான் இருக்கிறோம். கலியாணம் முடித்து நான் அங்கே போனபோது அவளுக்கு நாலு வயது. என் பகிடிக்கு அந்த வளவில் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். நிக்காஹுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு போத்தல் கேட்டாள். குணப்படுத்த அவள் முகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. நாடியில் ஒரு மச்சம், அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் வெளுத்தா நல்லம் சாச்சா" என்றாள். ஒரு படம் எடுத்துக்கொண்டு போத்தலைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் இரண்டு கன்னமும் சிவந்து, தோல் உரிந்து, நீர் கோத்திருந்தது. வைத்தியரிடம் கூட்டிப் போயிருக்கலாம். அவர் போத்தலைக் கேட்பார் என்பதால் போகவில்லை. அதற்குப் பதிலாக இரண்டாவது படம் எடுத்தேன்.

"இது என்னத்துக்கு சாச்சா?"

"சிரிக்காம இரி மகள். பழுதான முகத்தோட ஆரும் சிரிக்கிறல்ல. நான் பொறந்த நாள்லேருந்து பழகுறன்."

"சிரிக்க வெக்காதீங்க சாச்சா. எரியிது."

அந்த வாரமே இரண்டு படங்களையும் பேஸ்புக்கில் போட்டேன். படங்களில் கை வைக்கவில்லை, வரிசையை மட்டும் மாற்றினேன். வெந்த முகம் 'பூச முன்'. நல்ல முகம் 'பூசிய பின்'. கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்தேன். மச்சத்தை மறந்துவிட்டேன். ஊர் மறக்கவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா போனும் கையுமாக வந்தார். "பழைய தோல் வருத்தத்த மறைச்சி எங்கட புள்ளைட தலையில கட்டப் பாத்தீங்களா?" என்றார். நிக்காஹ் நின்றது. வெறும் புண் என்றால் ஆறும் வரை பொறுத்திருப்பார்கள், ஹாஜியார். அது பழைய வருத்தம் என்று ஊருக்கே எழுதிக் காட்டியவன் நான்.

போன வெள்ளி விசாரணையில் நீங்கள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: எந்தப் படம் முதலில் எடுத்தது? நான் வாய் திறக்குமுன் பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து நுஸ்ஹாவின் குரல் வந்தது.

"சாச்சா போட்டது சரிதான். எனக்கு முந்தியே இரிந்த. பூசுறத விட்டதும் திரும்பி வந்திட்டு."

என்னைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் அவளுடைய சாச்சியும் என் மூன்று பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று யோசித்திருக்கிறாள். நானும் அந்த நேரம் அதைத்தான் யோசித்தேன். அவளைப் பற்றி யோசிக்க அங்கே ஒருவரும் மிச்சமில்லை. நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

அவள் சொன்னது பொய். நல்ல முகம்தான் முதல் படம். அதைக் கெடுத்தது என் போத்தல். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். அவர்கள் முன்னாலும் நான் சொல்கிறேன்.

இன்னுமொன்று இருக்கிறது. விசாரணை முடிந்த மறுநாள் காலை மூன்று பெண்கள் என் வாசலில் நின்றார்கள். பூசுவதை விட்டால் திரும்பி வந்துவிடுமாமே என்று நுஸ்ஹாவின் கதையைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். இடையில் தீர்ந்துவிடக் கூடாதென்று ஆளுக்கு இரண்டு போத்தல் கேட்டார்கள்.

கொடுத்தேன்.

வெள்ளைக் கிரீமைப் பாதியாகக் குறைத்துத்தான் கலந்திருந்தேன், ஹாஜியார். தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.