முதல் டப்பா

மாட்டுக்கொழுப்பை முகத்தில் பூசலாம் என்றால் முதலில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான்கு நாள் பூசிப் பார்த்த பிறகு டப்பாவைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஐயா, உங்கள் உதடுகூட வெடித்திருக்கிறது, பயப்படாமல் பூசுங்கள். எங்கள் சரக்கு அத்தனையும் சுத்தம். கெட்டது ஒரே ஒரு டப்பாதான், அதுவும் தீர்ந்துவிட்டது.

பதினொரு வருடமாக முதலாளியம்மாவின் பட்டறையில் கொழுப்பு உருக்குகிறேன். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்புதான் முகப்பூச்சுக்கு ஆகும். அதைக் கழுவி, துணியில் ஒற்றி உலர்த்தி, பொடியாக நறுக்கி, சின்னத் தீயில் உருக்கி வடிகட்ட வேண்டும். ஆறினால் மெழுகு மாதிரி உறையும். ஈரத்தோடு மட்டும் விளையாடக் கூடாது. கொதிக்கும் அண்டாவில் ஈரத் துண்டு விழுந்தால் வெடித்துத் தெறிக்கும்.

முதலாளியம்மாவைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை உருக்கி முடித்ததும் முதல் டப்பாவை அவர்தான் திறப்பார். எங்கள் எல்லோர் முன்னாலும் இரண்டு கன்னத்திலும் பூசிக்கொள்வார். "என் மூஞ்சிக்கு ஆகாதது ஊரார் மூஞ்சிக்கு எதுக்கு?" என்பார். அந்த டப்பா தீரும்வரை வேறொன்றைத் தொட மாட்டார்.

என் மகளும் அங்கேதான் வேலை பார்த்தாள், டப்பாக்களில் ஊற்றும் வேலை. போன கோடையில் ஒரு மதியம் அண்டா வெடித்துத் தெறித்தது. அவளுடைய இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. சத்தம் கேட்டு ஓடி வந்த முதலாளியம்மா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "சரக்கு பாழாயிடுச்சா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தரையில் கிடந்தவளைப் பார்த்தார். எது முதலில், எது பிறகு என்பதை நான் மறக்கவில்லை.

மகள் வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள். தழும்புக்குப் பூசச் சொல்லி முதலாளியம்மா இரண்டு டப்பா கொடுத்தனுப்பினார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உருண்டை என்று ஒரு நாய் இருந்தது. மடியில் வைத்து ஊட்டி ஊட்டி, பெயருக்கேற்ற மாதிரி ஆகியிருந்தது. அதன் காலில் முள் குத்தினால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. என் பிள்ளை கிடந்தபோது அண்டாவைப் பார்த்த மனுஷி. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

உருண்டைக்கு என் மேல் பிரியம், கூப்பிட்டதும் வந்தது. வலிக்காமல்தான் முடித்தேன். அதன் மேல் எனக்கு என்ன கோபம்? மற்றதெல்லாம் வழக்கமான வேலை. கழுவினேன், ஒற்றினேன், நறுக்கினேன், சின்னத் தீயில் உருக்கி இரண்டு தடவை வடிகட்டினேன்.

அடுத்த உருக்கில் முதல் டப்பாவாக அதையே வைத்தேன். விரலால் தொட்டவர், "என்னப்பா, இந்தத் தடவை இளகிக் கெடக்கு?" என்றார்.

"வெயில்மா," என்றேன்.

நாயைக் காணாமல் அழுது அழுது அவர் முகம் காய்ந்திருந்தது. தாராளமாகப் பூசிக்கொண்டார். "முன்ன விட இது நல்லா உள்ள இறங்குதே. இனிமே இதே பக்குவத்துல பண்ணு," என்றார். இருபத்தாறு நாள் பூசினார். வழித்துத் துடைத்து முடித்த அன்றே நான் உங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்துவிட்டேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை ஐயா, நானாகத்தான் வந்தேன். இந்த வாக்குமூலத்தை அவர் முன்னால் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிளம்பும் முன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன். அவள், "அதையாவது ஈரம் போக ஒத்துனியாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்கிறீர்களா? அன்று அண்டாவில் ஈரத் துண்டுகளை அள்ளிப் போட்டவன் நான்தான். ஒற்ற நேரமில்லை, அவ்வளவு அவசரம். அவசரப்படுத்தியது முதலாளியம்மா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "சீக்கிரம் ஆகட்டும்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.