டிவிக்குக் கோச்சிக்கினு வந்தவ

ஆமாங்க மாமா, டிவிக்குத்தான் கோச்சிக்கினு வந்தேன். சின்னசேலமே அப்டித்தான் பேசுதுன்னா பேசட்டும். என்னை இட்டுக்கினு போவத்தான் வந்திருக்கீங்கன்னு நீங்க வாசல்ல செருப்பு கழட்டும்போதே தெரியும். நீங்க பேசி முடிச்ச சம்பந்தம், நீங்கதான வரணும். மொதல்ல குந்துங்க, மோரக் குடிங்க. கோமுகி டேம்ல தண்ணி தொறந்துட்டாங்கன்னு அம்மா கரும்புக்குப் பாய்ச்சப் போயிருக்குது. அது வந்தா அழும். நான் அழ மாட்டேன், அதனால என்கிட்டயே பேசிடுங்க.

சொல்றேன், முழுசா கேளுங்க. நடுவுல எழுந்துக்கக் கூடாது.

உங்க அக்கா, அதான் என் மாமியாரு, அவங்களுக்கு சாயந்திரமானா ஒரு நாடகம் பாத்தாவணும். மாமனாருக்கு நியூஸு. வூட்ல இருக்கறது ஒரே டிவி, ரிமோட்டு யாரு மடியில இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அத்த அடுப்பாண்ட நின்னுக்கினு, அந்தப் பொண்ணு இன்னா ஆனாளோ, அவ புருசன் வந்தானோ இல்லியோன்னு தனியா பேசிக்கினு இருப்பாங்க. மொதல்ல எனக்கு சிரிப்பு வரும். அப்பறம் பாவமா பூடுச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வூட்டுக்கு சோறு ஆக்கறாங்க, ஒரு நாடகம் பாக்கக் குடுப்பன இல்ல.

என் வூட்டுக்காரரு, உங்க மருமவன்தான், சிங்கப்பூர்லேர்ந்து ஃப்ரெண்டுகிட்ட ஒரு பொட்டி குடுத்தனுப்பியிருந்தாரு. மாடில டிஷ்ஷு இருக்குதுல்ல, அந்த வயர இதுல சொருகணும். இதுலேர்ந்து ஒரு வயரு வைஃபை பொட்டிக்கு. அவ்ளோதான், டிஷ்ஷுல வர சேனலு வூட்டுக்குள்ள எந்தப் போன்ல வேணாலும் வரும், ஆளுக்கு ஒண்ணா. டேட்டா கூட செலவாவாது. ஆனா, நான் லீவுல வந்து மாட்டறேன், நீ கை வெக்காதன்னுட்டாரு. அது பாட்டுக்கு பீரோ மேலயே தூசி புடிச்சுக்கினு கெடந்துச்சு.

நான் இன்னா படிக்காதவளா? கள்ளக்குறிச்சி காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னு பொண்ணு பாக்க வந்தப்ப நீங்கதான பெருமையா சொன்னீங்க.

போன வாரம் எடுத்து மாட்டனேன். மொத தடவ ஒண்ணும் வரல. போன் சிம்மு நெட்டுல இருக்குது, பொட்டி வைஃபைல இருக்குது. ரெண்டயும் ஒரே வைஃபைக்குக் கொண்டாந்தேன். அப்பறம் சேனல் தேட வுட்டேன். கோடு ஓடிக்கினே இருக்குது, அத்த என் முதுவாண்டயே நின்னுக்கினு, வருமாடி, வருமாடின்னு. வந்துச்சு மாமா. அவங்க பழைய போன்ல அவங்க நாடகம். அரிசி டப்பா மேல சாத்தி வெச்சுக் குடுத்தேன். அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும், தாளிக்கறத வுட்டுட்டாங்க, கடுகு கருகிப்போச்சு.

அத்தோட நிறுத்தியிருந்தா இன்னிக்கு நான் அங்கதான் இருந்திருப்பேன். ஆனா டிஷ்ஷு வயரு இப்ப அந்தப் பொட்டிக்குப் பூடுச்சா, ஹால் டிவியும் இனிமே அது வழியாத்தான் பாக்கணும். மாமனாரு வேற நியூஸு எங்க, நியூஸு எங்கன்னு கத்திக்கினு இருக்காரு. டிவில ஒரு ஆப் ஏத்தனேன். வூட்டுக்குள்ள எதெது படம் அனுப்புதுன்னு அதுவே தேடிக் காட்டும். தேடுச்சு. ரெண்டு காட்டுச்சு. இருக்கறது ஒரு பொட்டிதான, ஒண்ணயே ரெண்டு தபா காட்டுதுன்னு நெனச்சேன்.

இல்ல மாமா, மாமனாரு அடிக்கல்லாம் இல்ல. திட்டுனாரு. திட்டுக்கெல்லாம் வூட்ட வுட்டு வர ஆளா நான்? அதுவும் இல்லாம மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்கறீங்க. எதுக்குக் கேக்கணும்னு தெரிஞ்சுக்கினு அப்பறம் சொல்லுங்க.

ரெண்டாவத அமுக்கனேன். டிவில எங்க ரூமு வந்துச்சு.

ஆமா, நானும் உங்க மருமவனும் படுக்கற ரூமு. கட்டிலு, கொடில நான் குளிச்சுட்டு மாத்திப் போட்ட துணி, ஃபேன் காத்துல ஆடிக்கினு இருக்குது. அவ்ளோ பெரிய டிவில, ஹால்ல, மாமனாரு முன்னால. வைஃபை நல்லா கெடைக்கும்னு போன லீவுல உங்க மருமவன் பரண் ஓரமா வெள்ளையா ஒண்ணு மாட்டிட்டுப் போனாரு. அதான் கேமரா. ஏன் இன்னிக்குப் பகல்ல படுத்துக்கினு இருந்த, அவ்ளோ நேரம் யாருகிட்ட போன்ல பேசுனேன்னு அங்கேர்ந்து கேப்பாரு. எம்மேல எவ்ளோ நெனப்புன்னு நான் சந்தோசப்பட்டுக்கினு இருந்தேன்.

அத வுடுங்க, இதக் கேளுங்க. டிவில அது வந்ததும் மாமனாரு, இது இன்னா, எங்கேர்ந்து வருதுன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒரு திகைப்பு இல்ல. ரிமோட்ட புடுங்கி ஆஃப் பண்ணிட்டு, அவன்தான் கை வெக்காதன்னான்ல, எதுக்கு நோண்டுனேன்னாரு. அத்த மட்டும்தான் கரண்டியோட வந்து நின்னுக்கினு, நம்ம ரூமாடி இதுன்னு கேட்டாங்க. மறுநாள் காலைல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து என்னை ஏத்தி வுட்டது உங்க அக்காதான். அத உங்ககிட்ட சொல்லலியா?

இன்னா மாமா, தரையப் பாக்கறீங்க. மாமனாரு மாதிரியே நீங்களும், அப்டியான்னு ஒரு வார்த்த கேக்கலியே.

சரி. அப்ப உங்களுக்கும் தெரியும்.

மோரக் குடிச்சு முடிங்க, பஸ்ஸு வர நேரமாச்சு. நானும் உங்க கூடவே வரேன். சின்னசேலத்துக்கு இல்ல, கள்ளக்குறிச்சில எறங்கி மகளிர் ஸ்டேஷனுக்கு. கேமராவக் கழட்டி எடுத்தாந்திருக்கேன், இந்தப் பையில இருக்குது. நீங்களும் எறங்கிடுங்க மாமா. சம்பந்தம் பேசுனவரு யாருன்னு கேப்பாங்கல்ல.