காலிப் பெட்டிக்கு லாரி வாடகை

"ஹலோ... ஆமா, மரியபுஷ்பம்தான் பேசுறேன். கூப்புடுவீங்கன்னு தெரியும் தமிழரசன்... இருங்க, இருங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

மரியபுஷ்பம் காலையிலிருந்தே எரிச்சலில் இருந்தாள். ஒரத்தநாட்டில் இரும்புப் பட்டறை நடத்துகிறவள். துபாயில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் சமீர், டூல்ஸ் வைக்கிற பெட்டிகளும் அலமாரிகளும் கேட்டிருந்தார். கடல் தாண்டிப் போகிற முதல் ஆர்டர். சரக்கு இன்று தஞ்சாவூரில் லாரி ஏறி, ஹார்பர் கேட் மூடுவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வேன் என்று சமீர் கறாராகச் சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட நாளில் லாரி ஆபீஸ் கிளார்க் தமிழரசன் டேப்பை நீட்டி அளந்து, எடைக்கு இல்லை, அடைக்கிற இடத்துக்குத்தான் வாடகை என்று நின்றால் ஆத்திரம் வராதா?

"தகரமும் காத்தும்தான் அது. காத்துக்கு எவனாவது வாடகை கேப்பானா?... ம்... இடத்த அடைக்குது, தெரியும். அதுக்குத்தான் சின்னப் பெட்டியெல்லாம் பெரிய அலமாரிக்குள்ள சொருகி அனுப்பிச்சேன். வெளிய இருக்குறத மட்டும் அளங்க... குறுக்க பேசாதீங்க. உள்ள பெட்டி இருக்கு, அதனால இது காலி அலமாரி இல்ல, சரக்கு ஏத்துன அலமாரின்னு காலையில வேற ரேட்டு சொன்னீங்கள்ல? காலிக்குள்ள காலிய வச்சா அது சரக்கா?... என்ன ஒரு நிமிஷம்? உங்க நிமிஷமெல்லாம் நான் பாத்துட்டேன்."

அவள் போனில் குரலை உயர்த்தினால் பட்டறையில் வெல்டிங்கை நிறுத்திவிடுவார்கள். இப்போதும் நிறுத்திவிட்டு ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, ஆமா... உங்க மொதலாளி சேக் தாவூது பாய்கிட்டயே பேசிக்கிறேன். பட்டுக்கோட்டையிலேர்ந்து இடத்த அடைக்குற கயித்து மூட்ட வந்தா வாய மூடிக்கிட்டு ஏத்துவீங்க. என் பெட்டின்னா மட்டும் சட்டம் பேசுவீங்க. பொம்பள நடத்துற பட்டறதான, என்ன சொன்னாலும் கேட்டுக்குவான்னு... என்ன? என்ன சொன்னீங்க?"

குரல் ஒரு படி இறங்கியது.

"காலி ரேட்டே போட்டுட்டீங்களா... மத்தியானமேவா... ம். அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான... நான் எங்க சொல்ல உட்டேன்னு கேக்குறீங்களா? சரி, உட்டுத் தள்ளுங்க. அப்ப எதுக்குக் கூப்புட்டீங்க?... நெல்லா? ஆமா, நாந்தான் வச்சேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு கைப்பிடி. எங்க பட்டறையிலேர்ந்து எந்த பீரோவும் வெறுமையா வாசல் தாண்டாது. கல்யாணச் சீருக்குப் போற பீரோவுல வைக்கிற மாதிரிதான்..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் வைக்கிற பெட்டிக்கு, அதுவும் கப்பலேறுகிற பெட்டிக்கு, நெல் எதற்கு? கைப்பழக்கத்தில் வைத்துவிட்டாள்.

"காலின்னு எழுதிக் குடுத்துட்டு உள்ள தானியம் இருந்தா ஹார்பர்ல திருப்பி அனுப்பிருவாங்களா... புரியுது, புரியுது. கொட்டிருங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. கொட்டிட்டு லாரிய எடுக்கச் சொல்லுங்க... என்ன?... லாரி போயிருச்சா? காத்திருக்க முடியாதுன்னு என் சரக்க எறக்கி வச்சுட்டா? எப்ப?... நான் பேசிக்கிட்டு இருக்கையிலயா."

அவளுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"ஒரு கைப்பிடி நெல்லு. நீங்களே கொட்டிட்டு ஏத்தி விட்ருக்கலாம்ல? எதுக்கு என்னப் போயி கேட்டுக்கிட்டு..."

தமிழரசன் சொன்ன பதில் நீளமாக இல்லை. மரியபுஷ்பம் அதைத் தன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள்.

"...ஒருத்தவங்க நல்லதுக்குன்னு வச்ச நெல்ல, ஒரு வார்த்த கேக்காம எப்புடிக் கொட்டுறதுன்னு இருந்தீங்களா."

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தமிழரசன்... கோவிச்சுக்காதீங்க. இப்ப வேற வண்டி புடிச்சா ஹார்பர் கேட்டு மூடுறதுக்குள்ள எட்டுமா? நீங்க சொல்லுங்க. நான் பேசல. நீங்களே சொல்லுங்க... ஹலோ? ஹலோ?"

அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.