கொடுவா மாமாவுக்குக் கால்விரல் இல்லை

படம் வரைகிறவனுக்குக் கால்விரல் கீறுவது பெரிய கரைச்சல். கைவிரலையாவது கார்ட்டூனில் நாலாக்கிச் சமாளித்துவிடலாம். கால்விரலை ஐந்தாகக் கீறினால் வாழைச்சீப்பு மாதிரி இருக்கும், நாலாகக் கீறினால் ஆளுக்கு ஏதோ நோய் வருத்தம் என்று நினைப்பார்கள். அதனால்தான் கொடுவா மாமாவுக்கு முதல் நாளே முழங்கால் வரைக்கும் கறுப்பு றப்பர் சப்பாத்தை மாட்டிவிட்டேன். கண்டக்குழியில் எந்த மீன்காரனும் சப்பாத்தோடு கடலுக்குப் போகமாட்டான். அது எனக்கும் தெரியும். என் சோம்பல், வேறொன்றுமில்லை. நீங்கள் சப்பாத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால் அதிலிருந்தே சொல்லுகிறேன். தேத்தண்ணி ஆறப் போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பார்கள். பதினொரு வருடமாகச் சனிக்கிழமைகளில் போன கார்ட்டூன். கொடுவா மாமா என்று ஒரு ராசியில்லாத மீன்காரன், அவனோடு கடலுக்குப் போகும் மருமகன், நண்டு என்று பட்டப்பெயர், ஓட்டை வள்ளம் ஒன்று. எந்தக் கதை எப்படிப் போனாலும் கடைசியில் வள்ளம் கவிழும். மாமா தண்ணீருக்குள் போவார். கொஞ்ச நேரம் குமிழி மட்டும் வரும். பிறகு மூக்கில் ஒரு நிஜ நண்டு தொங்க மேலே வந்து, "நான் குளிக்கத்தான் இறங்கினன்" என்பார். அவ்வளவுதான் கார்ட்டூன். புத்தளத்தில் சைக்கிளில் இருந்து விழுந்தவனும் அதைத்தான் சொன்னான், பிரதேச சபைத் தேர்தலில் தோற்ற ஒருவர் மேடையேறி அதையே சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

மாமாவின் குரல் கில்பட் என்ற மீன்காரனுடையது. கண்டக்குழிக் கரையில் ஓடாத என்ஜின் ஒன்றைப் பார்த்து அவன் ஏசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் பிடித்தேன். பெற்ற பிள்ளையைக் கொஞ்சி ஏசுவது போல ஏசினான். காலையில் கடல், பின்னேரம் புத்தளத்துக்கு பஸ் ஏறி வந்து, ஹாட்வெயார் கடைக்கு மேலே இருந்த எங்கள் அறையில் குரல். வரும்போது மனைவி டொறத்தி கட்டிக்கொடுத்த பொரித்த மீன் பார்சல் கையில் இருக்கும். அறையே நாறும், ஆனால் ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவனில் எனக்குச் சரியான இரக்கம், பாசம். கூடப் பிறந்தவர்களில்கூட அப்படி இருந்ததில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும்.

எங்கள் வேலையில் குரல்தான் முதல். முதலில் பேசிப் பதிவு செய்வோம், பிறகு அந்தக் குரலுக்கு ஏற்றபடி வாயைக் கீறுவோம். கீறிய வாய்க்குக் குரல் தேடுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் தொலைக்காட்சிக்காரர்கள் கார்ட்டூனை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் எல்லாம் போனுக்குள் போய்விட்டார்களாம். அந்த நேரத்தில்தான் கொழும்பில் இருந்து படத் தயாரிப்பாளர் ஃபைஸல் வந்தார், மாமாவை வைத்து முழுப்படம் எடுக்கலாம் என்று. நான் எழுதிக் கொடுத்த கதையை வாசித்துவிட்டு மூடி வைத்தார்.

"ஸியாத், இருபது நிமிஷம் எண்டா சிரிச்சிட்டு எழும்பிப் போயிருவாங்க. படம் எண்டா ஒரு தரமாச்சும் கொட்டகை மூச்சுக் காட்டாம இருக்கோணும். மாமா ஒருக்கா தண்ணிக்குள்ள போய் மேல வராம இருக்கட்டும். அது இல்லாட்டி இந்தப் படம் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று முழுதும் யோசித்துப் பார்த்ததில் மனிதர் சொன்னது சரி என்று பட்டது. பதினொரு வருடம் மேலே வந்தவர் ஒரு தடவை வராமல் போனால் எப்படி இருக்கும். நான் அகதி முகாமில் பிறந்தவன், ஐயா. உம்மாவும் வாப்பாவும் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்கள். கிடுகுச் சுவரில் கரித்துண்டால் கீறத் தொடங்கி இந்த இடத்துக்கு வந்தேன். படம் இல்லையென்றால் நான் நின்றுபோன ஒரு கார்ட்டூனைக் கீறினவன், அவ்வளவுதான். வேறு தொழிலும் தெரியாது.

கில்பட் மாட்டேன் என்றான். அவனுடைய தம்பியைக் கடல் எடுத்திருந்தது, பக்கத்துப் போட்டில் இருந்து இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"அந்தச் சத்தம் எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும் மச்சான். அதை மைக்கில பேச ஏலாது. டொறத்தியும் தலவில கோயில் அன்னம்மா மேல சத்தியம் வாங்கிட்டா. வேற என்னத்தையும் கேளு."

நான் விடவில்லை. ஒரு நாள் என் தொல்லை தாங்காமல் விளையாட்டுக்குச் செய்து காட்டினான். தொண்டையில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு செத்தான். அறையில் இருந்த எல்லோரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தோம். கொழும்பில் இருந்து வேறொரு குரல்காரரை ஃபைஸல் அனுப்பினார். அவர் தண்ணீரில் தாழ்ந்தது செய்தி வாசிப்பது போல இருந்தது.

அப்போது வெறும் சத்தம் எடுக்கவென்று கில்பட்டைக் கடலுக்குக் கூப்பிட்டேன். படத்துக்கு அலை, பலகையில் நடக்கிற சத்தம், தண்ணீரில் விழுகிற சத்தம் எல்லாம் உண்மையாக வேண்டும் என்று சொன்னேன். "சத்தம் எண்டா வாறன், சாவு எண்டா வரமாட்டன்" என்று சிரித்தான். கடலைக் கொந்தளிக்க வைக்கிற கச்சான் காற்று இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை. காலை நேரம். போட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வேறு ஆள் வந்தால் இருமுவான், தும்முவான், சத்தம் கெட்டுப்போகும்.

சப்பாத்தை நான்தான் கொண்டுபோனேன். பலகையில் வெறுங்கால் நடக்கிற சத்தம் வேறு, றப்பர் சப்பாத்து நடக்கிற சத்தம் வேறு. மழைக்கோட்டும் நான் கொண்டுபோனதுதான், மாமா உடுப்பதைப் போல. கில்பட் இரண்டையும் மாட்டிக்கொண்டு மாமாவைப் போலவே கையை ஆட்டிப் போட்டுக்குள் நடந்து காட்டினான். லைஃப் ஜெக்கட்டைக் கழற்றச் சொன்னேன், அது கரகரவென்று சத்தம் போடும். என்ஜினையும் நிறுத்தச் சொன்னேன். கயிறு போட்டுக்குள்தான் கிடந்தது, என் காலடியில்.

முதல் தடவை குதித்தான், மேலே வந்தான், "நான் குளிக்கத்தான் இறங்கினன்" என்றான். கையைப் பிடித்து ஏற்றினேன். மூச்சு வாங்கினான். சப்பாத்துக்குள் நிறையத் தண்ணீர் என்று சொல்லி இரண்டையும் கழற்றி ஊற்றப் பார்த்தான். நான், "ஊத்தாதே, அப்பிடியே இன்னொருக்கா. இப்ப விழுந்தாத்தான் கனமாக் கேக்கும்" என்றேன். சொன்னது உண்மைதான், ஐயா. இரண்டாவது சத்தம் மிகவும் நன்றாக இருந்தது.

அந்த முறை அவன் மேலே வர நேரம் எடுத்தது. வந்தபோது மாமாவின் வசனத்தைச் சொல்லவில்லை.

நான் அவனைத் தள்ளவில்லை. இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்லுகிறேன். அவன் பகிடிக்காரன், நடிக்கிறான் என்று நினைத்தேன். மைக்கை ஒரு நீளக் கம்பில் கட்டியிருந்தேன், அதை அவன் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் அந்தக் கம்பைப் பிடிக்கக் கையை நீட்டினான். மைக்கில் தண்ணீர் பட்டால் பழுதாகிவிடும். ஆகவே கம்பைக் கொஞ்சம் உயர்த்தினேன். அதிகமில்லை, ஒரு சாண் இருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அடுத்த நாள் கரையில் ஒதுங்கியபோது ஒரு காலில் சப்பாத்து இருந்தது. சத்தம் எடுக்கக் குதித்தான், கடல் இழுப்பில் அகப்பட்டான், பதற்றத்தில் சத்தம் பதிகிற மெஷினும் கடலில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மையத்து வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த டொறத்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"கயிறு போட்டீங்களா தம்பி?"

"போட்டன் அக்கா" என்றேன். அது பொய் இல்லை. உண்மையாகவே போட்டேன். அன்று நான் அழுதது போல என் வாப்பா மௌத்தானபோதுகூட அழவில்லை.

மெஷின் கடலில் விழவில்லை. அந்தக் காட்சியை வேறு ஒருவரிடமும் கொடுக்காமல் நானே கீறினேன். மாதக்கணக்கில் எடுத்தது. குரலைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாய் கீறவேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவன் கூப்பிட்டது என் பெயரை. "ஸியாத், கையைத் தா." கார்ட்டூனில் மாமாவோடு வள்ளத்தில் இருப்பவன் நண்டு, ஸியாத் இல்லை. பெயரை வெட்டிவிட்டுப் பார்த்தேன், மூச்சும் சேர்ந்து போய்விட்டது, மிச்சத்தில் உயிரில்லை. ஆகவே குரலை விட்டுவிட்டுக் கதையை மாற்றினேன். நண்டு அடையாள அட்டை எடுக்கப் போகிறான், கந்தோரில் அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்கிறார்கள், அவனுக்கே தெரியாது, மாமாதான் யோசித்து யோசித்து ஸியாத் என்று சொல்லுகிறார். நல்ல பகிடிக் காட்சி. கொட்டகையில் நன்றாகச் சிரித்தார்கள்.

மாமா தாழ்கிற இடத்தில் ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. ஃபைஸல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கில்பட்டின் பெயரைப் படத்தின் முதலில் பெரிதாகப் போட்டிருந்தேன். டொறத்தியை முன்வரிசையில் இருத்தியிருந்தேன். படம் முடிந்து எல்லோரும் போனபின்னும் அவ எழும்பவில்லை. பக்கத்தில் போனேன்.

"அவர் இந்தச் சீன் பேசமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவர்."

"பிறகு பேசினவர் அக்கா. உங்களுக்குச் சொல்லாம."

"எங்க வச்சு?"

"எங்கட றூமிலதான்."

அவ வெள்ளைத் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "றூமுக்குள்ள காத்து அடிக்குமா தம்பி" என்று கேட்டா. "குரல் எடுத்துத்தானே படம் கீறுவீங்க. பதினொரு வருசமா நண்டுக்கு இல்லாத பேர் எங்கயிருந்து வந்திச்சு? என்ட மனிசன் சாகக்குள்ள மருமகனையா கூப்பிட்டவர், உங்களையா?"

அவ எழும்பிப் போய்விட்டா. உங்களிடம் வந்தது அவதான் என்று நினைக்கிறேன். வராமல் இருந்திருந்தாலும் நானே வந்திருப்பேன், ஏனென்றால் இப்போது நித்திரை இல்லை.

பிள்ளைகள்தான் காரணம். முன்பு விழுந்தால் குளிக்க இறங்கினேன் என்பார்கள். இப்போது எல்லாப் பிள்ளையும் இதைத்தான் சொல்லுகிறது. ஜும்ஆ முடிந்து பள்ளியால் வெளியே வந்தால், கைகால் கழுவுகிற ஹவுளுப் பக்கத்தில் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு, "ஸியாத், கையைத் தா" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். சந்தையில் கூப்பிடுகிறார்கள், பஸ்ஸில் கூப்பிடுகிறார்கள். நுரைச்சோலையில் ஒரு ஓட்டோக்காரரின் போன் அடித்தபோது அதற்குள் இருந்து கில்பட்டே கூப்பிட்டான். நான் என் பெயரைப் படத்துக்குள் போட்டுக்கொண்டேன், எவ்வளவு பெருமை பாருங்கள் என்று ஊரில் கதைக்கிறார்களாம். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் நான் வெளியே போவதில்லை. கில்பட்டுக்கு முன்னால் இப்படிப் பயந்திருந்தால் அவன் என்னை ஒரு வருடத்துக்கு விடாமல் பகிடி பண்ணியிருப்பான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஏன் உடனே கயிற்றைப் போடவில்லை என்று. அவன் நடிக்கிறான் என்று நினைத்ததாகச் சற்று முன்னர் சொன்னேன். அது சரியான பதில் இல்லை. கில்பட் நடித்தால் எனக்குத் தெரியும், அவனோடு பதினொரு வருடம் வேலை செய்தவன் நான்.

அவன் மூன்று தடவை கூப்பிட்டான், ஐயா. படத்தில் இருப்பது மூன்றாவது. முதல் தடவை கூப்பிட்டபோது மைக்கில் காற்று அடித்துவிட்டது, சொல்லே விளங்கவில்லை. இரண்டாவதில் போட்டில் அலை மோதிய சத்தம் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்தேன், கூப்பிட்டான். மூன்றாவதில் காற்று பின்னால் மெல்லத்தான் கேட்டது, சொல் சுத்தமாக வந்தது. அது முடிந்ததும் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்து எறிந்தேன். அதற்குப் பிறகு நான் ஒரு நொடிகூடச் சுணங்கவில்லை.