நான் கட்டிய பூச்சிகள்

எனக்குக் கைவேலை நன்றாக வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. சின்னத் தூண்டில் முள்ளில் இறகையும் பட்டு நூலையும் சுற்றினால், மலை ஏரியில் இருக்கும் டிரவுட் மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கவ்வும். என் கணவருக்கு முப்பது வருடமாக நான்தான் பூச்சி கட்டிக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் இருந்த பெட்டியைப் பார்த்தீர்களே, வேலை சுத்தமாகத்தானே இருக்கிறது?

லீவு நாள் என்றால் மனுஷன் வீட்டில் தங்கமாட்டார். மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு மலை ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். பொய் சொல்லவில்லை, அந்த மூங்கிலைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்தது. நானும் அழுதேன். ஆனால் அந்த எட்டு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. பொத்தான் போட நான் வேண்டும், டம்ளர் பிடிக்க நான் வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் போதும், "எங்கடி போயிட்ட?" என்று குரல் வரும். கல்யாணமாகி அப்போதுதான் என்னைத் தேடினார்.

பிறகு கை தேறிவிட்டது. "மறுபடியும் தூண்டில் போடுங்க. ஒரு மீன் மாட்டினா போதும், தைரியம் தானா வந்துரும்" என்றார் டாக்டர். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்புறம் நான் தனியாவே போய்க்குவேன். உனக்குத் தொந்தரவு இல்ல."

தொந்தரவாம்.

அன்றைக்கே இருபத்திரண்டு பூச்சி கட்டினேன். ஒவ்வொரு முள்ளின் முனையையும் கட்டிங் பிளையரால் நறுக்கினேன். இறகு மூடிக்கொண்டது. மரத்துப்போன விரலுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கோடை முழுக்க நானே காரில் கூட்டிப்போனேன். வீச்சில் ஒரு குறையும் இல்லை. மீன் எழும்பிக் கவ்வும், இவர் சுண்டுவார், அது உதறிக்கொண்டு போய்விடும். கை போய்விட்டது என்று அவரே முடிவு கட்டினார். "எனக்கென்னங்க தெரியும்" என்றேன். பேச்சு குறைந்தது. மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே ஒரு பூச்சியாவது முனையோடு கட்டலாமா என்றுகூட யோசித்தேன். மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் நான்கு மீன் கவ்வின. நான்கும் போயின. தூண்டிலை என் பக்கத்தில் மெதுவாக வைத்தார்.

"உன்னைப் பாடாப் படுத்துறேன்டி. என்னால யாருக்கும் பிரயோஜனம் இல்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்றேன்.

அவர் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு. திரும்பிப் பார்க்கவே இல்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கூப்பிடுவார் என்று காத்திருந்தேன், ஐயா. ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன்.