நான்காவது குவளை

காப்பி ஆறிவிட்டால் எனக்குப் பிடிக்காது, அதிகாரி அம்மையீர். ஆதலால் அருந்திக்கொண்டே கூறுகிறேன்.

கைவித்தையை எவ்வாறு பயில வேண்டும் என்பது எங்கள் லேவார்டன் மாயவித்தை மன்றத்தினருக்குத் தெரியாது. முதலில் மெதுவாகச் செய்ய வேண்டும். பிழை நீங்கிய பின்னரே வேகம் கூட்டலாம். கண்ணாடி முன்னேயே நிற்பவன், ஏமாற்றும் அந்த நொடியில் தன்னையறியாமல் கண் சிமிட்டப் பழகிவிடுகிறான். தன் பிழையைத் தானே காண்பதில்லை. அனைத்திற்கும் மேலாக, பயிற்சியில் கை எதைச் செய்கிறதோ அதையே மேடையிலும் செய்யும். இவற்றையெல்லாம் நான் ஐம்பது வயதுக்குப் பின் நூல்களின்வழி கற்றேன். எங்கள் மன்றத்து இளைஞன் ட்யேர்த் ஒரு நூலையும் புரட்டியதில்லை. ஆயினும் தேசியப் போட்டிக்கு மன்றம் அவனைத்தான் தேர்ந்தது, எனக்கு இரண்டாமிடம்.

அவனது வித்தை எளியது. கவிழ்த்த நான்கு காகிதக் குவளைகளுள் ஒன்றினடியில் ஓர் ஆணி செங்குத்தாக நிற்கும். அவன் முதுகைத் திருப்பியிருக்க, வேறொருவர் ஆணியை மூடிக் குவளைகளை வரிசையாக அடுக்குவார். அவன் திரும்பி, ஆணியற்ற மூன்றையும் உள்ளங்கையால் அறைந்து நசுக்குவான். ஆணியை மூடிய குவளையில் நகக்கீறல் ஒன்று உண்டு, ரகசியம் அவ்வளவே. பயிற்சியின்போது ரப்பர் ஆணியே வைப்பது எங்கள் வழக்கம்.

அதுவே அவனுக்கு வேடிக்கையாயிற்று. மூன்றையும் நசுக்கியபின் நான்காவதையும் வேண்டுமென்றே ஓங்கி அறைவான். ரப்பர் வளையும், மன்றம் சிரிக்கும். இது கேடான பழக்கம் என்று பலமுறை எடுத்துரைத்தேன்.

“விடுங்க பெரியவரே. நீங்க பயிற்சி பண்றதப் பாத்து உங்க வீட்டுக் கண்ணாடியே கொட்டாவி விடுதாமே,” என்றான். அதற்கும் மன்றம் சிரித்தது.

சென்ற சனிக்கிழமைப் பயிற்சியில் குவளைகளை அடுக்கும் முறை என்னுடையது. எஃகு ஆணியை வைத்தேன். கீறலுள்ள குவளையையே அதன்மேல் கவிழ்த்தேன். அதில் நான் நேர்மை தவறவில்லை. அவன் மூன்றை நசுக்கினான். பின்னர் என்னை நோக்கிக் கண்ணடித்துவிட்டு, நான்காவதை அறைந்தான்.

அவன் அலறவில்லை. கையைப் பார்த்தவாறே, “பெரியவரே, இது ரப்பர் இல்லயே,” என்றான். ஒரு பொருளை அவன் கவனித்துப் பார்த்தது அன்றுதான்.

இரு விரல்கள் இனி மடங்கமாட்டா என்று மருத்துவர் கூறினாராம். வருந்தத்தக்கது. எனினும் அவன் கையை நான் பிடித்துத் தள்ளவில்லை. அவன் அறைவான் என்று அறிந்திருந்தேன்; அறையலாகாது என்றும் சொல்லியிருந்தேன். இதைவிடத் தெளிவான எச்சரிக்கையை எந்த நூலும் தருவதில்லை.

அவனுக்குப் பதிலாக நான் போட்டிக்குச் செல்வதை இதனோடு முடிச்சுப் போடுவது மலிவான சிந்தனை. அந்த மேடைக்கென நான் தைக்கக் கொடுத்த கறுப்புக் கோட்டு, அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமையே தயாராகிவிட்டது. ஐயமிருப்பின் தையற்காரரைக் கேட்டுப் பாருங்கள்.